மீதி விழுந்த பிள்ளை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

'சில்லறையைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்தவங்களுக்கு உதவும்' என்று ஜெனி போன் செய்தாள். ரிட்டயர் ஆகி, மத்தியானம் தூங்குவதும் சாயங்காலம் எழுந்து எதற்குத் தூங்கினோம் என்று வருத்தப்படுவதுமாக இருக்கிறவளிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? ஒரு பக்கத்தில் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை என்று அவளுக்கும் தெரியும். கேட்டது அவள் தப்பு.

சில்லறை என்பது நம் கம்பெனி எழுதி வைத்திருக்கும் குட்டி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. பட்டியலையும் எண்களையும் வைத்துச் செய்கிற பொடி வேலைகள் எத்தனையோ உண்டு. கூட்டுவது, சராசரி எடுப்பது, வரிசைப்படுத்துவது, ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் ஒன்றைத் தூக்குவது என்று. அவற்றை ஒவ்வொரு புராஜெக்டிலும் புதிதாக எழுதாமல் ஒரே இடத்தில் எழுதி வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன். அவற்றின் பெயர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பெயர் வைத்தது நான்தான். திண்டுக்கல்லில் உட்கார்ந்து நமக்காக நாமே எழுதிக்கொள்வதற்கு, நமக்குப் புரிகிற பெயர் போதும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எந்த ஃபங்ஷனுக்கு என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்பதெல்லாம் புரோகிராம் கோடிலேயே எழுதியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அதில் இல்லாதது.

முதலில் சுலபமான தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்டிடம் எண்களைக் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல் வரிசைப்படுத்து என்றால், அது எண்களை வார்த்தைகளாக நினைத்து அடுக்கிவிடும். ஒன்றுக்குப் பிறகு பத்து, அதற்குப் பிறகு நூறு, அப்புறம்தான் இரண்டு. நம் லைப்ரரியில் இதற்கு ஒழுங்கான ஃபங்ஷன் இருந்தும், அவசரத்தில் யாரோ நேரடியாக அடுக்கிவிட்டார்கள். அது பழனியில் ஒரு லாட்ஜுக்குப் போய், தைப்பூசக் கூட்டத்தில் அந்த மேனேஜர் போன் போட்டார்.

"ஏனுங்க மேடம், ஒண்ணாம் நம்பரு ரூமு இருக்குதுங்க, பத்து இருக்குதுங்க, நூறும் இருக்குதுங்க. ரெண்டாம் நம்பரை எங்கீங்க கொண்டுபோயி வச்சீங்க? காவடியோட வந்து வாசல்ல நிக்கிறாங்க."

சிரித்துக்கொண்டே சரிசெய்து அனுப்பினோம். இந்த மாதிரித் தப்பு நல்ல தப்பு. கண்ணுக்குத் தெரியும், யாராவது திட்டுவார்கள், மாற்றிவிடலாம். ஃபங்ஷன் சரியாக இருந்து, அதைக் கூப்பிட்ட இடம் தப்பாக இருந்தால்தான் பிடிபடாது. எந்தச் சோதனை வைத்தாலும் பாஸாகிவிடும். அப்படி ஒன்றைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சில்லறையில் 'கூறு' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பழனியில் பஞ்சாமிர்தம் செய்கிற ஒரு கஸ்டமருக்காக எழுதியது. டப்பாக்களை அட்டைப்பெட்டிக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு போட்டு வைக்கிறார்களே, அதே வேலை. பட்டியலையும் ஒரு எண்ணையும் கொடுத்தால் வரிசையாக அத்தனை அத்தனையாகப் பிரித்துக்கொண்டே போகும். கடைசியில் மீதி எவ்வளவோ அது கடைசிக் கூறு. கடைசிப் பெட்டியில் ஒரே ஒரு டப்பா விழுந்தாலும் பிரச்சினை இல்லை. மிச்ச இடத்தில் பேப்பரைச் சுருட்டித் திணித்து அனுப்பிவிடுவார்கள். டப்பா வருத்தப்படப் போவதில்லை.

ஜெனி இன்றைக்கு உங்கள் டீம் லீடர். அப்போது அவள் சேர்ந்து கொஞ்ச நாள்தான். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்கக்கா, ஆனா நான் அழுததை மட்டும் விட்டுருங்க" என்றாள். விட முடியாது ஜெனி, அழுதாய்.

நம் ஊர் விளையாட்டுக்காரர்கள் சிலர் சேர்ந்து பள்ளிகளுக்கு ஓட்டப் பந்தயம் நடத்தினார்கள். யார் எந்தப் பிரிவில் ஓடுவது என்று பட்டியல் போட்டுத் தரும் புரோகிராமை நாம் இலவசமாகச் செய்து கொடுத்தோம். பந்தலில் நம் கம்பெனி பேர் போட்ட பேனர் கட்டுவார்கள் என்பதுதான் நம் முதலாளிப் பெரியவருக்கு அதில் இருந்த ஆசை. முழு வேலையையும் ஜெனி தனியாகச் செய்தாள். பந்தயத்தன்று லேப்டாப்போடு நானும் அவளும் பந்தலில் உட்கார்ந்திருந்தோம்.

நூறு மீட்டர் ஓட்டத்துக்கு மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு லேன் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் ஆள் இருந்தால் முதலில் பிரித்துப் பிரித்து ஓடவிடுவார்கள். அதற்கு ஹீட் என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வருகிறவள் நேராக பைனலுக்குப் போவாள். பைனலில் மிச்சமிருக்கும் லேன்களுக்கு, எல்லா ஹீட்டையும் சேர்த்துப் பார்த்து யார் எடுத்த டைம் நல்ல டைமோ அவர்களை எடுப்பார்கள். பைனலில் முதல் மூன்று இடம் பிடிக்கும் பெண்களுக்குக் கோடை முழுவதும் பயிற்சி முகாமில் இடம் உண்டு. நல்ல கோச், நல்ல சாப்பாடு, நல்ல ஷூ. அதற்காகத்தான் அத்தனை பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

ஹீட் பிரிப்பதற்கு ஜெனி 'கூறு'வைக் கூப்பிட்டிருந்தாள். எட்டெட்டுப் பேராகப் பிரிக்க வேண்டும், கையில் ரெடியாக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? சோதித்துப் பார்க்க அவள் போட்டிருந்த பெயர்கள் இருபத்து நாலு. ஸ்கிரீனில் அழகாக மூன்று ஹீட் வந்தது. நானே எட்டிப் பார்த்து சபாஷ் என்றேன். பந்தயத்தன்று வந்த பெண்கள் முப்பத்து மூன்று பேர்.

இந்நேரம் உங்களுக்குக் கணக்கு புரிந்திருக்கும். எங்களுக்கு நாலு ஹீட் ஓடி முடியும்வரை புரியவில்லை. வெயிலில் கண் கூசிக்கொண்டு, கிடைத்த மோரைக் குடித்துக்கொண்டு, பேனரில் கம்பெனி பேரில் ஒரு புள்ளி விட்டுப்போனதைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"ஐந்தாவது ஹீட். ஜுலைகா" என்றார் மைக்கில் அறிவிப்பாளர். அப்புறம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

பேகம்பூர்ப் பக்கத்துப் பள்ளிப் பெண். ஒல்லியாக, உயரமாக, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணியோடு போய்க் கோட்டில் நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஏழு லேன் காலியாகக் கிடந்தது. கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். சிரிப்பு பரவியது. அவளும் சிரிக்கப் பார்த்து, முடியாமல் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

தொப்பி போட்ட ஒரு பி.டி. மாஸ்டர் பந்தலுக்கு ஓடி வந்தார்.

"என்னய்யா அநியாயமா இருக்கு! ஒத்தையா ஓடுனா அவதானே முதல்ல வருவா? நடந்துபோனாக்கூட பைனலா? எங்க பிள்ளை அம்புட்டு வேகமா ஓடி ரெண்டாவது வந்துட்டு, டைமுக்குக் காத்துக் கெடக்கு."

"அப்ப அந்த ஹீட்டையே எடுத்துருங்க" என்று இன்னொரு குரல் வந்தது. அப்படிச் செய்தால் அந்தப் பெண் ஓடாமலேயே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் கேட்கிற தூரத்தில்தான் நின்றாள்.

தலைமை நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "கம்ப்யூட்டர் என்ன சொல்லுது மேடம்?" என்றார். பந்தலில் இருந்த எல்லோரும் லேப்டாப்பையே பார்த்தார்கள்.

ஜெனியின் விரல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "செத்த நேரம் குடுங்கக்கா. கூறு ஃபங்ஷனையே மாத்திடுறேன். ஹீட்டுக்கு ஆறு பேரு, ஏழு பேருன்னு சமமா விழுந்துரும். புதுசா பிரிண்ட் எடுத்து ஒட்டிரலாம்."

"கைய எடு" என்றேன். அவள் எடுக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன். விரல் நசுங்கியிருக்கும், நல்லவேளை தப்பித்தது.

"ஓடி முடிச்ச நாலு ஹீட்டை என்ன செய்வ? அம்புட்டுப் பிள்ளையையும் திரும்ப ஓடச் சொல்லுவியா, இந்த வெயில்ல?"

அவள் மறுபடி லேப்டாப்பைத் திறக்கப் பார்த்தாள்.

"அதுபோக, இப்ப பழனில பேக்கிங் ஓடிட்டு இருக்கு. இங்க கூறை மாத்துனா அங்க பெட்டி பெட்டியா கொஞ்சம் கொஞ்சம் காலியா போகும். அது நல்லாத்தான் இருக்கு ஜெனி. நீ கூப்பிட்ட இடம்தான் சரியில்லை."

அப்போதெல்லாம் சில்லறையை ஓர் இடத்தில் மாற்றினால் எல்லாக் கஸ்டமருக்கும் அந்த நிமிடமே போய்விடும். இப்போது அப்படி இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் கை பதறும்போது நாம் எல்லோரும் செய்வது இதுதான். ஒரு பிள்ளைக்கு நியாயம் செய்யப்போய், சம்பந்தமே இல்லாத இன்னொருவர் வேலையைக் கெடுத்துவிடுவோம். ஜெனி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என்னக்கா செய்யுறது?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நம் பெரியவர் போன் செய்தார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "நெட் ஸ்லோன்னு சொல்லிச் சமாளிம்மா. பேனர் கட்டியிருக்கு" என்றார். நெட் ஸ்லோ என்பது நம் தொழிலில் எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. நானும் எத்தனையோ தடவை கொடுத்திருக்கிறேன். ஆனால் வெளியே அந்தப் பெண் இன்னும் கோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். நாம் நெட் ஸ்லோ என்று சொன்னால், ஊர் அவளை ஓசியில் பைனலுக்கு வந்தவள் என்று சொல்லும். "சிக்னல் இல்லைங்க" என்று போனை வைத்துவிட்டு மைக்கை வாங்கினேன்.

"ஹீட் பிரிச்சது தப்பு. எங்க கம்பெனி எழுதுன புரோகிராம் தப்பாப் பிரிச்சிருச்சு. அந்தப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. இப்ப என்ன செய்யணும்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நடுவர் சொல்லட்டும்."

மைக்கில் தப்பை ஒத்துக்கொண்டால் பந்தல் இடிந்து தலையில் விழும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் விழவில்லை. டீக்காரர் டீ விற்றுக்கொண்டிருந்தார். விசிலடித்தவன் மட்டும் வாயை மூடிக்கொண்டான்.

நடுவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜுலைகா பந்தலுக்கு வந்துவிட்டாள். "சார், முதல்ல வந்தேன்னு என்னைய எடுக்க வேணாம். டைமை மட்டும் பாருங்க. டைம் இருந்தா எடுங்க, இல்லாட்டி நான் போறேன்."

"யோசிச்சுச் சொல்லு பாப்பா. ரூல்படி உனக்கு பைனல்ல இடம் இருக்கு" என்றார் நடுவர்.

"ரூல் இருக்கு சார். ஆனா வீட்டுக்குப் போய் எங்க அத்தா அம்மாகிட்ட எப்புடிச் சொல்லுவேன்? யாரையும் ஜெயிக்காம பைனலுக்குப் போனேன்னா?"

எனக்கு அவள் மேல் கோபமே வந்தது. நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு பைனலில் போய் நின்றிருப்பேன். கிடைக்கிறதை விடுவாளா ஒருத்தி? தொப்பி மாஸ்டர், "டைம்னா சரி, எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். இருக்காதுதானே அவருக்கு.

போகத் திரும்பியவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் சார். ஒத்தையா ஓடுனா வேகம் வராது. பக்கத்துல காலடிச் சத்தம் கேக்கணும்."

அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. நடுவர் குடையை விரித்தார், மடக்கினார். அப்போது முந்தைய ஹீட்களில் தோற்று, தரையில் உட்கார்ந்து குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்தார்கள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள். "நாங்க கூட ஓடுறோம் சார். எங்க டைமைக் கணக்குல எடுக்காதீங்க" என்றாள் ஒருத்தி. மற்றவள் ஐஸை வேகமாகக் கடித்து முடித்தாள். அந்த இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

ஓடினார்கள். நடுவில் ஜுலைகா, இரண்டு பக்கமும் அந்தப் பிள்ளைகள். தோற்கப்போவது தெரிந்தே ஓடுகிற மாதிரி அவர்கள் ஓடவில்லை, உயிரைக் கொடுத்து விரட்டினார்கள். ஜுலைகா முன்னால் வந்து விழுந்தாள். ஸ்டாப்வாட்ச் வைத்திருந்தவர்கள் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். ஜெனி என் முழங்கையைப் பிடித்த பிடியில் சதை கன்றிப்போனது.

டைமை வைத்து எடுத்தவர்களில் கடைசி இடம் அவளுக்குக் கிடைத்தது. மயிரிழைதான். தொப்பி மாஸ்டரின் பிள்ளையும் உள்ளே வந்துவிட்டாள் என்பதால் மாஸ்டர் கைதட்டினார். பைனலில் ஓரத்து லேன்தான் கொடுத்தார்கள், ஆனால் லேன் கொடுத்தார்கள்.

மத்தியானம் ஜெனியால் சாப்பிட முடியவில்லை. அவளுடைய எலுமிச்சை சாதப் பொட்டலத்தையும் நானே சாப்பிட்டேன். பதற்றத்தில் எனக்குப் பசி கூடும். சாயங்காலம் பைனல். அதை நான் சரியாகப் பார்க்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன், முகத்தை மூடிக்கொண்டேன். சத்தம் அடங்கியபோது ஜெனி குதித்துக்கொண்டிருந்தாள். ஜுலைகா மூன்றாவது. பயிற்சி முகாம் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

பரிசு கொடுக்கும்போது அவள் எங்கள் பக்கத்தில் வந்து நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பரிசை மூன்றாம் இடத்திலிருந்துதானே ஆரம்பிப்பார்கள். "பெண்கள் நூறு மீட்டர், ஜுலைகா!" என்று மைக் கத்தியது. அவள் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். அசையவில்லை.

"ஏய், உன்னையதான். போ!" என்றாள் ஜெனி.

"இல்லக்கா, இப்பதானே ஆரம்பிக்கிறாங்க. என் பேரு கடைசிலதான் வரும்."

"கடைசிலயா?"

"இங்கிலீஷ்ல எழுதுனா இசட்ல ஆரம்பிக்குதுல்லக்கா. எங்கயும் அப்புடித்தான். லேப்ல எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா நிப்பாங்க, நான் மட்டும் மிஸ் கூட. டூர் போனா டிரைவர் பக்கத்து சீட்டு. பழகிருச்சு."

மைக் மறுபடி அவள் பேரைச் சொன்னது. அப்போதுதான் நம்பினாள். பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, பைனலில் ஓடியதைவிட வேகமாக மேடைக்கு ஓடினாள்.

இந்தத் தடவை ஜெனி அழவில்லை. "அக்கா, நாம பேரை எல்லாம் ஏ-யிலருந்து இசட் வரைக்கும் அடுக்கிட்டுத்தானே கூறு போட்டோம்?" என்றாள்.

"ஆமா."

"அப்ப இன்னைக்கு ஏதோ கெட்ட நேரம்னு சொல்ல முடியாதுல. மீதி ஒரு ஆள் விழுந்தா அது இவளாத்தான் இருக்கும். யார் லிஸ்ட் போட்டாலும், எங்க போட்டாலும்."

எத்தனையோ வருடம் பட்டியல்களை அடுக்கிப் பிழைத்தவள் நான். கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. மேடையில் அந்தப் பெண் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசுக்கு வந்ததும் ஜெனி 'பங்கு' என்ற ஃபங்ஷனை எழுதினாள். கூறை அவள் தொடவே இல்லை. அது பழனிக்கு இன்றும் நன்றாக உழைக்கிறது. பங்கு சமமாகப் பிரிக்கும், ஆனால் முப்பத்து மூன்று பேரை எப்படிப் பிரித்தாலும் ஓர் இடத்தில் ஓர் ஆள் கூடும், ஓர் இடத்தில் குறையும். அதனால் பிரிப்பதற்கு முன்னால், முதல் வரியிலேயே, பட்டியலை ஒரு தடவை குலுக்கிவிடும்.

அந்த முதல் வரி வெட்டி வேலை, எடுத்துவிட்டால் பங்கு இன்னும் வேகமாக ஓடும் என்று உங்களில் ஒருவர் சொல்கிறாராம். ஜெனி போனில் அதையும் சொன்னாள். அதனால்தான் இம்புட்டு நீளமாக எழுத உட்கார்ந்தேன். சொன்ன பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது, கோபமும் இல்லை. கணக்குப்படி நீங்கள் சொல்வது சரி. அந்த வரியை எடுத்தால் வேகம் கூடும், விடை தப்பாகாது, எந்தக் கஸ்டமரும் போன் செய்து திட்டவும் மாட்டார். மிச்சமாவது கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூட இல்லை. அந்தப் பாதிச் சிமிட்டலுக்காக ஒரு பிள்ளையை ஆயுசுக்கும் கடைசியில் நிறுத்தாதீர்கள்.